மாதம் பத்து நிமிடம் பேசுபவருக்கு எந்த பிளான்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைபேசி விளம்பரங்களை வரிசையாகப் பார்த்தால் ஒன்று புரியும். அத்தனையும் நாள் முழுக்கப் பேசுகிறவருக்காகவும் படம் பார்க்கிறவருக்காகவும் எழுதப்பட்டவை. நம் தென்னாப்பிரிக்காவில் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், மெரிபேங்க், லெனேசியா போன்ற இடங்களில் வேறு ஒரு கூட்டம் இருக்கிறது. பிள்ளைகள் கூப்பிட்டால் எடுக்க வேண்டும், வங்கி அனுப்பும் ஓடிபி வர வேண்டும், கிளினிக்கில் தேதி கேட்க வேண்டும், கோவில் அலுவலகத்தில் அர்ச்சனைக்குப் பெயர் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். இவர்கள் காசு கொடுத்துப் பேசுவது மாதம் பத்து நிமிடத்தைத் தாண்டாது. டெல்காமின் செப்புக் கம்பி இணைப்பு திருட்டிலும் நிறுத்தத்திலும் ஒவ்வொரு தெருவாகப் போன பிறகு, வீட்டுப் போனை விட்டுக் கைபேசிக்கு வந்த பெரியவர்கள் இந்தக் கூட்டத்தில் அதிகம். அவர்களுக்காகவும், அவர்களுக்கு போன் வாங்கிக் கொடுக்கும் பிள்ளைகளுக்காகவும் இந்தக் கடிதம்.

எல்லோரும் முதலில் பார்ப்பது நிமிடம் எத்தனை செண்ட் என்பதை. அதிகம் பேசுகிறவருக்கு அது சரி. குறைவாகப் பேசுகிறவர் பார்க்க வேண்டியது வாங்கியது எத்தனை நாள் நிற்கும் என்பதை.

ஒரு கணக்குப் போடலாம். இந்த எண்கள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை, எந்த நிறுவனத்தின் விலையும் அல்ல. பண்டில் (மொத்தமாக வாங்கி, குறித்த நாளுக்குள் தீர்க்க வேண்டிய நிமிடமோ டேட்டாவோ) எதுவும் இல்லாத சாதாரண பிரீபெய்டில் நிமிடம் 2 ராண்ட் என்று வையுங்கள். விலை அதிகம்தான். பத்து நிமிடத்துக்கு மாதம் 20 ராண்ட் ஆகும். இன்னொரு பக்கம் ஏழு நாளுக்கு 60 நிமிடம், விலை 30 ராண்ட் என்று ஒரு பண்டில். நிமிடம் 50 செண்ட், கால்வாசி விலை என்று தோன்றும். ஆனால் மாதம் பத்து நிமிடம் பேசுகிறவர் ஒரு வாரத்தில் பேசுவது இரண்டரை நிமிடம். நாலு வாரமும் அந்தப் பண்டிலை வாங்கினால் 120 ராண்ட். பேசிய பத்து நிமிடத்தால் வகுத்தால் நிமிடம் 12 ராண்ட். மிச்சமுள்ள 230 நிமிடமும் காலாவதி. சுண்டைக்காய் கால் பணம், சுமைக்கூலி முக்கால் பணம் என்பது இதுதான். இதே ஆளை மாதம் 149 ராண்ட் காண்ட்ராக்டில் 24 மாதம் கட்ட வைத்தால் மொத்தம் 3,576 ராண்ட். 2 ராண்ட் நிமிட விலையிலேயே இருந்திருந்தால் அதே 24 மாதத்துக்கு 480 ராண்டோடு முடிந்திருக்கும்.

எனவே கடைக்குப் போகும் முன் எண்ண வேண்டும். போனில் அழைப்புப் பட்டியலைத் திறந்து கடந்த இரண்டு மாதத்தில் வெளியே போன அழைப்புகளை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். உள்ளே வந்தவற்றுக்கு நமக்குச் செலவு இல்லை, வாட்ஸப்பில் போனவை டேட்டாக் கணக்கு, இரண்டையும் விட்டுவிடலாம். ஒவ்வொரு அழைப்புக்கும் எத்தனை விநாடி, எந்த எண் என்று குறியுங்கள். 031, 033, 011 என்று தொடங்கினால் லேண்ட்லைன். 0860, 0861 என்று தொடங்கினால் வங்கி, காப்பீடு, வாடிக்கையாளர் சேவை. மற்றவை பெரும்பாலும் கைபேசிகள். கைபேசி எண்ணின் முதல் மூன்று இலக்கத்தைப் பார்த்து இது வோடாகாம், இது எம்டிஎன் என்று சொல்வது பழைய பழக்கம். 2006 நவம்பரில் எண்ணை மாற்றாமல் நிறுவனம் மாறும் வசதி வந்த பிறகு அது நம்பத் தகுந்ததல்ல. ஆகவே 'எங்கள் நெட்வொர்க்குக்குள் பேச மலிவு' என்ற சலுகையை நம்பி வாங்குகிறவர், தான் அடிக்கடி கூப்பிடும் மூன்று நான்கு பேரை நேரில் கேட்டுக்கொள்வது நல்லது.

தாளில் விநாடிகளை எழுதச் சொன்னதற்குக் காரணம் உண்டு. குறைவாகப் பேசுகிறவரின் அழைப்புகள் சின்னவை. 'வந்துட்டேன், கேட்டைத் திற' என்பதற்கு 25 விநாடி போதும். அப்படி 12 அழைப்பு என்றால் மொத்தம் 300 விநாடி, அதாவது ஐந்து நிமிடம். விநாடிக் கணக்கு பிளானில் ஐந்து நிமிடத்துக்குத்தான் காசு. நிமிடக் கணக்கு பிளானில் ஒவ்வொரு 25 விநாடியும் முழு நிமிடமாக ஏறி, 12 நிமிடம் ஆகிவிடும். முதல் நிமிடம் முழுதாகவும் அதன் பிறகு விநாடியாகவும் கணக்கிடும் பிளான்களும் உண்டு, குறைவாகப் பேசுகிறவருக்கு அவையும் நிமிடக் கணக்கு மாதிரிதான். விநாடிக்கு எவ்வளவு, முதல் விநாடியிலிருந்தா என்று வாய்விட்டுக் கேளுங்கள். கடைக்காரர் பதில் சொல்லத் தயங்கினால், ஒரு 20 விநாடி அழைப்பு போட்டு, முன்னும் பின்னும் மீதியைப் பார்த்தால் தெரிந்துவிடும். மீதி பார்க்க வோடாகாமில் *135#, எம்டிஎன்னில் *136#, செல் சி-யில் *147#, டெல்காமில் *180# அடித்துப் பட்டியலில் தேடலாம்.

எதிரில் எடுக்காமல் குரலஞ்சல் எடுத்தாலும் அழைப்பு இணைந்ததாகத்தான் கணக்கு. பீப் சத்தம் வரும் வரை காத்திருக்காமல், பதிவுக் குரல் கேட்டதும் வைத்துவிடுவது நல்லது. அதேபோல் உங்கள் போனிலும் குரலஞ்சலை நிறுத்திவிட்டால், விட்டுப்போன செய்தியைக் கேட்கக் காசு கொடுத்துக் கூப்பிட வேண்டியதில்லை. ##002# அடித்து அழைப்பு பொத்தானை அமுக்கினால் எல்லா அழைப்புத் திருப்பல்களும் நீங்கும். இது உலகெங்கும் உள்ள பொதுக் குறியீடு.

0860 எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. பண்டிலில் உள்ள நிமிடங்கள் பெரும்பாலும் இவற்றுக்குச் செல்லாது, ஏர்டைமில்தான், அதாவது போனில் ஏற்றி வைத்த காசில்தான் பிடிப்பார்கள். பாட்டுப் போட்டுக் காக்க வைக்கும் நேரமும் காசுதான். மாதம் பத்து நிமிடம் பேசுகிற ஆளுக்கு ஒரே ஒரு காப்பீட்டு அழைப்பில் அந்த மாதக் கணக்கு முடிந்துவிடும். அந்த நிறுவனத்தின் 011 அல்லது 031 எண் கடிதத் தாளின் அடியில் இருக்கும், அதை அடிக்கலாம். வாட்ஸப் எண் இருந்தால் இன்னும் நல்லது. அவசரத்துக்கு 112 ஏர்டைம் இல்லாமலும் போகும். இதைப் பெரியவர்களின் போனில் 'அவசரம்' என்று தமிழிலேயே பதிந்து வையுங்கள்.

இனி டேட்டா. பேசாதவரின் ஏர்டைம் காணாமல் போவதற்கு முதல் காரணம் பேச்சு அல்ல, இதுதான். 30 ராண்ட் ஏற்றி வைத்தார், ஒரு அழைப்பும் செய்யவில்லை, மூன்று நாளில் பூஜ்யம் என்றால், ஸ்மார்ட்போன் பின்னால் ஏதோ இறக்கிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். பண்டில் தீர்ந்த பின் வாடிக்கையாளர் சம்மதிக்காமல் ஏர்டைமிலிருந்து டேட்டாவுக்குப் பிடிக்கக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஆணையமான இகாசா 2019-இல் விதி கொண்டுவந்தது. பண்டிலில் 50, 80, 100 விழுக்காடு தீரும்போது செய்தி அனுப்ப வேண்டும், மீந்த டேட்டாவை நீட்டிக்கவும் அதே நெட்வொர்க்கில் இன்னொருவருக்கு மாற்றவும் வழி தர வேண்டும் என்பதும் அதே விதியில் உண்டு. நல்ல விதி. ஆனால் 'தொடர்ந்து பயன்படுத்தச் சம்மதமா' என்று திரையில் கேட்கும்போது கண்ணாடி இல்லாமல் ஆமாம் என்று தட்டிவிடுகிறார்கள். ஒரு முறை தட்டிய ஆமாம் அப்படியே நின்றுவிடும். நிறுவனத்தின் பட்டியலிலோ செயலியிலோ அதைத் தேடி அணைக்க வேண்டும். நீட்டிப்பும் பல இடங்களில் தானாக நடக்காது, காலாவதிக்கு முன் நாமே கேட்க வேண்டும்.

போனுக்குள் செய்ய வேண்டியவை அரை மணி நேர வேலை. மொபைல் டேட்டாவை அணைத்து வைத்து, தேவையானபோது மட்டும் போடுவது முதல் வழி. அது பழக்கத்துக்கு வராது என்றால், பிளே ஸ்டோரில் செயலிகளின் தானியங்கிப் புதுப்பிப்பை வைஃபையில் மட்டும் என்று மாற்றுங்கள். புகைப்படச் செயலியில் காப்பு எடுப்பதற்கு மொபைல் டேட்டா கூடாது என்று வையுங்கள். வாட்ஸப்பில் அமைப்புகளுக்குள் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா' பகுதிக்குப் போய், மொபைல் டேட்டாவில் படம், ஒலி, காணொளி, ஆவணம் நான்கையும் தானாக இறக்க வேண்டாம் என்று குறி எடுத்துவிடுங்கள். அழைப்புகளுக்குக் குறைந்த டேட்டா என்ற பொத்தானும் அங்கேயே இருக்கிறது, அதைப் போடுங்கள். காலை வணக்கமும் முருகன் படமுமாக நாளுக்கு நாற்பது செய்தி வரும் குழுக்களில் இருப்பவருக்கு, இந்த நான்கு குறிகள்தான் எந்த பிளானையும்விடப் பெரிய சேமிப்பு.

வாட்ஸப் குரல் அழைப்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ அரை எம்பி எடுக்கும், காணொளி அழைப்பு அதைப்போல் பத்து மடங்கு. தினம் பத்து நிமிடம் மகளோடு குரலில் பேசினால் மாதம் 150 எம்பி. அதையே முகம் பார்த்துப் பேசினால் ஒன்றரை ஜிபி. தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ உள்ள உறவினரோடு பேசுகிறவருக்கும் இதுவே வழி, ஏனென்றால் பண்டில் நிமிடங்கள் பெரும்பாலும் வெளிநாட்டுக்குச் செல்லாது. முகம் பார்க்கும் பேச்சை வைஃபை உள்ள வீட்டுக்கு ஒத்திப்போட்டால் போதும்.

டேட்டாவிலும் சிறிதாக வாங்குகிறவருக்குத்தான் விலை அதிகம். போட்டி ஆணையம் டேட்டாச் சந்தையை ஆராய்ந்து 2019 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையின் மையமே அதுதான். சின்னப் பண்டில் வாங்கும் ஏழை ஒரு எம்பிக்குக் கொடுக்கும் விலை பெரிய பண்டில் வாங்குகிறவரைவிடக் கூடுதல் என்றது. அதன் பின் 2020 ஏப்ரலில் வோடாகாமும் எம்டிஎன்னும் மாதாந்திர 1 ஜிபியை 149 ராண்டிலிருந்து 99-க்கு இறக்கின. ஆனாலும் மாதம் 150 எம்பி போதும் என்கிற ஆளுக்கு 30 நாள் 1 ஜிபி வீண். அவருக்கு ஏற்றது, எவ்வளவு வாங்கினாலும் ஒரே விலை, காலாவதி இல்லை என்ற வகை. கேபிடெக் வங்கி 2022 செப்டம்பரில் தன் சிம்மைத் தொடங்கியபோது 100 எம்பி 4 ராண்ட் 50 செண்ட், பேச்சு நிமிடம் 90 செண்ட், டேட்டாவுக்குக் காலாவதி கிடையாது என்று வைத்தது. அந்த விலையில் மேலே சொன்ன 150 எம்பிக்கு 6 ராண்ட் 75 செண்ட், பத்து நிமிடப் பேச்சுக்கு 9 ராண்ட். மாதம் 16 ராண்டுக்குள் முடிகிறது. இன்றைய விலையை வாங்கும் அன்று பாருங்கள். இதே போல் வேறு வங்கிகளும் கடைத்தொடர்களும் சிம் தருகின்றன. எதை வாங்கினாலும் ஒரே விலையா, காலாவதி உண்டா, விநாடிக் கணக்கா என்ற மூன்று கேள்வி போதும்.

இந்த வங்கி, கடை சிம்களுக்குச் சொந்தமாகச் சிக்னல் கோபுரம் கிடையாது. அவற்றில் பல செல் சி வழியாக ஓடுகின்றன. செல் சி தன் கோபுரங்களைக் கைவிட்டு, பிரீபெய்டுக்கு எம்டிஎன் வலையில் ஓடுகிறது. ஆகவே விளம்பரத்தில் உள்ள வரைபடத்தைவிட உங்கள் சமையலறைதான் சாட்சி. சாட்ஸ்வொர்த் மாதிரி மேடும் பள்ளமுமான இடத்தில், தெருவின் மேல் வீட்டில் நான்கு கோடு காட்டும் சிம் கீழ் வீட்டுப் படுக்கையறையில் ஒன்றும் காட்டாது. சிம் ஓரிரு ராண்டுக்குக் கிடைக்கிறது. எண்ணை மாற்றும் முன் புதிய சிம்மை இரண்டாம் துளையில் போட்டு ஒரு வாரம் வைத்திருங்கள். படுக்கையறையிலும், சமையலறையிலும், கோவிலிலும், கிளினிக்கிலும் ஒரு அழைப்பு வாங்கிப் பாருங்கள். மின்வெட்டு வந்தால் கோபுரத்தின் மின்கலம் எத்தனை நேரம் தாங்குகிறது என்பதும் தெரிந்துவிடும். லோட் ஷெட்டிங் குறைந்திருந்தாலும் நகராட்சிக் கம்பி அறுவது குறையவில்லையே.

இரண்டு சிம் போடும் போன் இருந்தால் எண்ணை மாற்றவே தேவையில்லை. உள்ளே வரும் அழைப்புக்குப் பழைய எண், வெளியே போகும் அழைப்புக்குப் புதிய மலிவு சிம். அமைப்புகளில் அழைப்புக்கும் டேட்டாவுக்கும் புதிய சிம்மை நிரந்தரமாகத் தேர்ந்தெடுங்கள். இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. சில ஆண்ட்ராய்டு போன்களில், ஒரு சிம்மில் சிக்னல் குறைந்தால் டேட்டாவைத் தானாக மற்ற சிம்முக்கு மாற்றும் வசதி திறந்திருக்கும். பழைய சிம்மில் இருந்த ஏர்டைம் அப்படித்தான் கரைகிறது. அதைத் தேடி அணையுங்கள்.

இப்படி வைத்த பழைய சிம் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். காசு போகும் நிகழ்வு எதுவும் நடக்காமல் சில மாதம் கிடந்தால், நிறுவனம் அந்த எண்ணை முடக்கி, கொஞ்ச காலம் கழித்து வேறொருவருக்கு விற்றுவிடும். எத்தனை நாள் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு, விதிமுறைப் பக்கத்தில் இருக்கும், கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உள்ளே வரும் அழைப்பும் ஓடிபியும் பயன்பாடாகக் கணக்கில் வரும் என்று நம்பியிருக்க வேண்டாம். எண் கைமாறினால் போவது வெறும் எண் அல்ல. வங்கி ஓடிபி முன்பின் தெரியாத ஒருவர் கைக்குப் போகிறது. அவர் அந்த எண்ணில் வாட்ஸப்பைத் திறந்தால் உங்கள் கணக்கு விழுந்துவிடும். வாட்ஸப்பும் 120 நாள் பயன்படுத்தாத கணக்கை அழிப்பது வழக்கம்.

இதைத் தவிர்ப்பது எளிது. மாதம் ஒரு முறை அந்த சிம்மிலிருந்து காசு கொடுத்து ஒரு அழைப்பு, ஒரு நிமிடம்கூட வேண்டாம். நாளை நினைவில் வைக்க, அமாவாசையோ கிருத்திகையோ வீட்டில் எதை அனுசரிக்கிறீர்களோ அன்றைக்கு வைத்துக்கொள்ளுங்கள், நாள்காட்டியில் ஏற்கெனவே குறித்திருக்கும். இந்தியாவுக்குத் தலயாத்திரை போய் மூன்று நான்கு மாதம் தங்குகிறவர்கள், புறப்படும் முன் ஏர்டைம் போட்டுவிட்டு சிம்மை வீட்டில் உள்ள வேறொரு போனில் விட்டுச் சென்று, மாதத்துக்கு ஒரு அழைப்பு செய்யச் சொல்வது பாதுகாப்பு. ஆனால் அங்கிருந்து வங்கி வேலை செய்ய வேண்டும் என்றால் சிம் கூடவே வர வேண்டும். அப்படியானால் ரோமிங்கைத் திறந்து, டேட்டா ரோமிங்கை மட்டும் மூடி வையுங்கள்.

ஏர்டைமைச் சின்னதாக ஏற்றுவதே நலம். நாமே காசு கொடுத்து ஏற்றும் முதன்மை ஏர்டைம், சிம் உயிரோடு இருக்கும் வரை பெரும்பாலும் நிற்கும். 'ஏற்றினால் இரட்டிப்பு' என்று பரிசாக வருவது அப்படி இல்லை, சில நாளில் போய்விடும். பரிசின் பெரிய எண்ணைப் பார்த்து 100 ராண்ட் ஏற்றுவதைவிட, 20 ராண்ட் ஏற்றி தீர்ந்தபோது மீண்டும் ஏற்றலாம். வங்கிச் செயலியில் ஏற்றும்போது எண்ணை ஒரு இலக்கம் தவறினால் அது அடுத்தவர் போனில் விழும், திரும்பி வராது. ஏர்டைம் கடன் வாங்கினால் சேவைக் கட்டணம் பிடித்துக்கொள்வார்கள். இத்தனைக்கும் கடன் வாங்காமலே நம் நாட்டில் ஒரு வழி உண்டு, இலவசமான 'ப்ளீஸ் கால் மீ'. வோடாகாமிலும் டெல்காமிலும் *140*, எம்டிஎன்னில் *121*, செல் சி-யில் *111*, அதன் பின் எதிராளியின் எண், கடைசியில் #. வோடாகாம் இதை 2001-இல் கொண்டுவந்தது. யோசனை கொடுத்த ஊழியருக்கு நியாயமான தொகை பேசித் தீர்க்கும்படி அரசியலமைப்பு நீதிமன்றம் 2016-இல் தீர்ப்புச் சொல்லியும் வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. பிள்ளைகளிடம் பேசப் பெரியவர்களுக்கு இதைவிட மலிவான பிளான் இல்லை.

ஏர்டைம் கரைவதற்கு இன்னொரு காரணம் சந்தா. ஜாதகம், ரிங்டோன், விளையாட்டு என்று எதையோ தட்டியதில் நாளொன்றுக்குச் சில ராண்ட் போய்க்கொண்டே இருக்கும். அதிகம் ஏற்றுகிறவருக்குக் கண்ணில் படாது. மாதம் 20 ராண்ட் ஏற்றுகிறவருக்கு மூன்று நாளில் தெரிந்துவிடும், ஆனால் 'போன் சரியில்லை' என்று நினைத்துக்கொள்வார். சந்தாச் செய்தி வந்த எண்ணுக்கு ஆங்கிலத்தில் 'ஸ்டாப்' என்று பதில் அனுப்பினால் நிறுத்த வேண்டும் என்பது அத்துறையின் விதி. நிறுவனத்தின் பட்டியலிலும் சந்தாக்கள் என்ற பகுதி இருக்கும், அங்கே எல்லாவற்றையும் மொத்தமாகத் தடுக்கச் சொல்லலாம்.

யார் பெயரில் சிம் இருக்கிறது என்பது பலர் யோசிக்காத விஷயம். 2009 ஜூலை முதல் ரைக்கா சட்டப்படி ஒவ்வொரு சிம்மும் அடையாள அட்டையோடும் முகவரிச் சான்றோடும் பதிவாக வேண்டும். தெருமுனையில் ஏற்கெனவே பதிந்த சிம் என்று விற்பது யாரோ ஒருவர் பெயரில் உள்ளது. வேலை செய்யும், அதில் சந்தேகமில்லை. போன் திருடு போய் அதே எண்ணுக்கு மாற்று சிம் கேட்கும் நாளில்தான் கடையில் 'உங்கள் பெயர் வரவில்லையே' என்பார்கள். பத்து வருடமாக வைத்திருந்த எண் அத்தோடு போச்சு. பெரியவரின் சிம் மகன் பெயரில் இருந்தாலும் இதே சிக்கல், மகன் கேப் டவுனிலோ லண்டனிலோ இருந்தால் இன்னும் மோசம். பயன்படுத்துகிறவர் பெயரிலேயே பதியுங்கள்.

எண்ணோடு நிறுவனம் மாறுவது என்று முடிவு செய்தால் வரிசை இதுதான். புதிய நிறுவனத்தின் சிம்மை வாங்கி ரைக்கா பதிவு செய்ய வேண்டும். பழைய சிம்மில் உள்ள ஏர்டைமும் டேட்டாவும் கூட வராது, முன்பே செலவழித்துவிடுங்கள். பிறகு புதிய நிறுவனத்திடம் விண்ணப்பம், பழையவரிடம் அல்ல. பழைய எண்ணுக்கு உறுதி கேட்டுச் செய்தி வரும், பழைய சிம் போனில் இருந்தால்தான் பதில் சொல்ல முடியும். அதைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு 'ஏன் மாறவில்லை' என்று வருகிறவர்கள் கொஞ்ச நஞ்சமல்ல. சிம் மாறியதைக் கண்டால் சில வங்கிகள் மோசடிப் பயத்தில் பணப் பரிமாற்றத்தைச் சிறிது நேரம் நிறுத்தி வைக்கும், ஆகவே கரண்ட் பில் கட்டும் நாளில் இதைச் செய்ய வேண்டாம்.

ஏற்கெனவே காண்ட்ராக்டில் மாட்டியவர்களுக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு உதவும். 24 மாதத்துக்கு மேல் கட்ட வைக்கக் கூடாது என்பது பொது விதி. நடுவில் விலக 20 வேலை நாள் முன்னதாக எழுத்தில் அறிவித்தால் போதும், நிறுவனம் நியாயமான விலகல் கட்டணம் கேட்கலாம். அதில் மீதமுள்ள போன் விலைதான் பெரும் பங்கு. காலம் முடிவதற்கு 80-லிருந்து 40 வேலை நாளுக்குள் அவர்களே தகவல் சொல்ல வேண்டும். நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் மாதாமாதம் ஓடிக்கொண்டே இருக்கும். போனுக்கான காசு 24-ஆம் மாதத்தோடு தீர்ந்திருக்க, 25-ஆம் மாதமும் அதே தொகை டெபிட் ஆகிறதா என்று வங்கி அறிக்கையைப் பாருங்கள். வீட்டுக்குக் கூப்பிட்டு 'அப்கிரேட் இலவசம்' என்று சொல்லித் தலையில் கட்டியது என்றால், 16-ஆம் பிரிவின்படி ஐந்து வேலை நாளுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பித் தரலாம். பெட்டியைப் பிரிக்காமல் வைத்து, எழுத்தில் அனுப்பி, குறிப்பெண் வாங்கிக்கொள்ளுங்கள். நிறுவனம் தீர்க்காவிட்டால் அந்தக் குறிப்பெண்ணோடு இகாசாவுக்குப் போகலாம். குறிப்பெண் இல்லாத புகாரை அங்கே கையில் எடுப்பது அரிது.

போன் கருவியைப் பற்றிச் சுருக்கமாக. 2ஜி, 3ஜி இரண்டையும் மூட அரசு 2027 டிசம்பர் 31-ஐக் குறித்திருக்கிறது. ஆகவே இப்போது பொத்தான் போன் வாங்கினாலும் 4ஜி இருக்க வேண்டும், அதிலும் 4ஜி வழியாகவே பேசும் வோல்டிஇ வசதி வேண்டும். வெறும் 4ஜி போட்டிருந்து வோல்டிஇ இல்லாத போன் அன்றைக்கு இணையம் தரும், பேச விடாது. உங்கள் நெட்வொர்க்கில் வோல்டிஇ அந்த மாடலுக்குத் திறந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். 2,500 ராண்டுக்குக் குறைந்த ஸ்மார்ட்போன்களுக்கு ஆடம்பர வரி 2025 ஏப்ரல் 1 முதல் நீங்கியிருக்கிறது, பழைய இருப்பைப் பழைய விலையில் விற்கிறார்களா என்று இரண்டு கடை ஏறி இறங்கிப் பார்க்கலாம்.

எல்லோருக்கும் ஒரே பதில் இல்லை. வீட்டில் வைஃபை உண்டு, வெளியே போவது குறைவு என்றால் விநாடிக் கணக்கு பிரீபெய்ட், டேட்டா அணைப்பு, மாதம் ஒரு அழைப்பு என்பதே போதும். வைஃபை இல்லை, வாட்ஸப் குரல் மட்டும் என்றால் காலாவதி இல்லாத ஒரே விலை டேட்டா. பிள்ளைகள் எல்லாம் ஒரே நெட்வொர்க்கில் பெரிய பண்டிலோடு இருந்தால், பெரியவரையும் அங்கேயே வைத்து மீந்ததை மாற்றிவிடச் சொல்லுங்கள். மாதம் நூறு நிமிடத்துக்கு மேல் லேண்ட்லைன்களுக்கே பேசுகிறவர், உதாரணமாகச் சங்கத்தின் செயலாளர், கோவில் நிர்வாகி, இந்தக் கடிதத்தில் சொன்ன எதையும் பின்பற்ற வேண்டாம். அவருக்குப் பண்டில்தான் லாபம்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். நிறுவனங்கள் விலை மாற்றும்போதெல்லாம் அந்தச் செய்தியை வெளியிடுகிறீர்கள், அதோடு ஒரு சிறு கட்டமும் சேர்த்துப் போடுங்கள். பண்டில் இல்லாத நிமிட விலை, விநாடிக் கணக்கா நிமிடக் கணக்கா, பண்டில் இல்லாத டேட்டா விலை, ஏற்றிய ஏர்டைம் எத்தனை நாள் நிற்கும், பயன்படுத்தாத சிம் எத்தனை நாளில் முடங்கும் என்று ஐந்து வரி போதும். கடைசி வரியைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போட வேண்டும். அதைப் படிக்க வேண்டியவர்கள் பலருக்கும் கண் மங்கல்.

இப்படிக்கு,
கைபேசி விற்பனை, பழுதுபார்ப்புத் தொழிலில் உள்ள வாசகர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்.